வியாழன், மூன்று முதல் ஐந்து வரை

பிப்ரவரி 24, திங்கள்

இன்றிலிருந்து எனக்கு மஞ்சள் நிறம். ஜெசிந்தாவுக்கு ஊதா. ரெஹானாவுக்கு மயில் கழுத்து நிறம். நிறங்களைப் பிரித்துக் கொடுத்தவள் ரெஹானாதான், அதனால் நல்லதைத் தனக்கு வைத்துக்கொண்டாள் என்றேன். "எல்லாரும் எடுத்த பிறகு மிச்சம் இருந்தத எடுத்தாடி" என்கிறாள் ஜெசிந்தா. இருக்கலாம். மிச்சத்தில் மயில் கழுத்து கிடைப்பதற்கும் ஒரு ராசி வேண்டும்.

பள்ளிப் பாடங்களுக்கு வினா விடைக் கையேடு போடுகிற சின்னப் பதிப்பகம் எங்களுடையது. தில்லைநகரில் ஒரு மாடி, அதற்கு மேல் மொட்டை மாடியில் பழைய புத்தகக் கட்டுகளுக்கு ஓர் அறை. பத்தாம் வகுப்பு அறிவியல் பல வருடங்களாக என் பொறுப்பு. உள்பக்கத்தில் 'பதிப்பாசிரியர்' என்று என் பெயர் மட்டும் இருக்கும். கணக்கு, ஜெசிந்தாவுடையது. ரெஹானா ஜனவரியில் சேர்ந்தாள். சென்னையில் ஏதோ மென்பொருள் நிறுவனத்தில், யார் வேலை எந்த அளவில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்வதே அவளுக்கு உத்தியோகமாம். கணவருக்கு மாற்றல் வந்ததால் திருச்சிக்கு வந்துவிட்டாள். இங்கேயும் அதையே ஆரம்பித்துவிட்டாள்.

ஒவ்வொரு வேலைக்கும் கணினியில் ஒரு கார்டு. வரிசையில், கையில், சரிபார்ப்பில், முடிந்தது என்று நான்கு கட்டங்கள். வேலை நகர நகர கார்டையும் நகர்த்த வேண்டும். முடித்தால் பச்சை. நாள் தவறினால் கார்டின் ஓரம் சிவப்பாகிவிடும். இதையெல்லாம் ஹாலில் மாட்டிய டிவியில் எல்லோரும் பார்க்கலாம். இன்று மதியம் பார்த்தேன். சிவப்பு முழுக்க என் மஞ்சளில்தான்.

முதலாளி ஞானசேகர் சார் அறைக்குக் கூப்பிட்டார். "மார்ச் இருபத்தெட்டு வரைக்கும் பாக்குறேன் மேடம். அதுக்குள்ள இந்தச் சிவப்பெல்லாம் போகலன்னா அறிவியல ரெஹானாகிட்ட குடுத்துடலாம்னு இருக்கேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"இல்ல சார்" என்றேன்.

அம்மா காரியம் முடிந்து ஒரு மாதம்தான் ஆகிறது. வேலை தேங்கியதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நான் எடுத்ததே ஐந்து நாள் விடுப்பு.

பிப்ரவரி 25, செவ்வாய்

இந்தக் கார்டுகளைப் போனிலும் ஏற்றிக்கொண்டேன். வீட்டு வேலைக்குத் தனியாக ஒரு போர்டு: கேஸ் பதிய, கணவர் பாஸ்கரின் கண் டாக்டர், வாஷிங் மெஷின் குழாய், மாலதியைக் கூப்பிட. முதல் மூன்றும் சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டன. தங்கையைக் கூப்பிடுவது மட்டும் பாக்கி.

பிப்ரவரி 27, வியாழன்

ஜெசிந்தாவும் நானும் ஒரே வாரம் சேர்ந்தவர்கள். என் கல்யாணப் புடவைக்கு ஃபால்ஸ் தைத்தது அவள். அவள் மகன் முதல் முதலாக எழுந்து நடந்தது என் வீட்டு ஹாலில். இதையெல்லாம் எழுதி வைப்பது சின்னப்பிள்ளைத்தனம்தான். ஆனால் இன்று பகல் முழுக்க அவள் நாற்காலியை ரெஹானாவின் மேஜைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, கார்டுக்குள் கார்டு போடுவது எப்படி என்று கற்றுக்கொண்டிருந்தாள். எனக்கு ஏன் சொல்லித் தரவில்லை என்று கேட்டேன்.

"நீ கேட்டா சொல்லித் தருவா. கேக்கத்தான் மாட்டியே."

மூன்று மணிக்கு இருவரும் லேப்டாப்போடு எழுந்து போனார்கள். ஐந்துக்குத்தான் வந்தார்கள்.

மார்ச் 3, திங்கள்

நேற்று நோன்பு தொடங்கிவிட்டது. ரெஹானா இனி ஒரு மாதம் மதியச் சாப்பாட்டுக்கு வரமாட்டாள். சாப்பாட்டு மேஜை மறுபடி எங்கள் இருவருக்கு மட்டும் என்று காலையில் இருந்தே மனசுக்குள் ஒரு குதூகலம். அடுத்தவள் பட்டினி கிடப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் பாருங்கள்.

அதுவும் நிலைக்கவில்லை. ஜெசிந்தா அவசர அவசரமாக நான்கு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்தாள். "பாவம்டி, தனியா ஒக்காந்திருக்கு புள்ள. தண்ணிகூடக் குடிக்கக் கூடாது தெரியுமா?" தெரியும். எனக்கும்தான் தெரியும். புளியோதரையை நான் ஒருத்தியாக முடித்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

ஒரு வழி கண்டுபிடித்தேன்.

டிவியில் முடிந்த கார்டுகள்தான் எல்லோர் கண்ணிலும் படுகின்றன. ஒரு பாடம் முழுவதும் ஒரே கார்டு என்றால் அது பச்சையாக இரண்டு வாரம் ஆகும். அதையே உடைத்துவிட்டால்? 'இதயம்' பாடத்தை ஒரு மதிப்பெண், இரு மதிப்பெண், நெடுவினா, படங்கள், படத்தின் குறிப்புகள், விடைக்குறிப்பு என்று பிரித்துப் போட்டேன். ஒரு மதிப்பெண் வினாக்களை மதியத்துக்குள் முடித்து நகர்த்தினேன். டிவியில் என் மஞ்சள் ஒன்று பச்சைப் புள்ளியோடு கடைசிக் கட்டத்துக்குப் போனது. எழுந்துபோய்த் தண்ணீர் குடிக்கிற சாக்கில் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

எல்லாப் பாடங்களையும் உடைத்துவிட்டேன். போர்டில் இப்போது எங்கே பார்த்தாலும் மஞ்சள்.

மார்ச் 5, புதன்

காலைக் கூட்டத்தில் ரெஹானா: "மங்கை அக்கா எப்படி அழகா சின்னச் சின்னதா பிரிச்சிருக்காங்க பாருங்க சார். யாரு வேணாலும் ஒரு துண்ட எடுத்து முடிக்கலாம். எல்லாரும் இப்படியே பண்ணினா நல்லா இருக்கும்."

நான் எதற்காகச் செய்தேன் என்பது தெரிந்தே பாராட்டுகிறாளா, தெரியாமலா? முகத்தைப் பார்த்தால் கண்டுபிடிக்க முடியவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மார்ச் 7, வெள்ளி

நான் மீண்டுவிட்டேன் என்று நினைக்கிறேன். இன்று போர்டைத் திறந்தால் இதயம் பாடத்தின் படங்களும் குறிப்புகளும் பச்சை. மின்னோட்டத்தின் இரு மதிப்பெண்ணும் பச்சை. எப்போது முடித்தேன் என்று நினைவே இல்லை. இந்த ஓட்டத்தில் எது முடிந்தது, எது பாக்கி என்றுகூடத் தெரியாமல் வேலை செய்திருக்கிறேன். இத்தனை வருட அனுபவம் சும்மா போய்விடுமா? கை பழகிய வேலை, மூளையைக் கேட்காமலே நடக்கிறது.

காலண்டரில் ஒன்று கவனித்தேன். எல்லோருடைய காலண்டரும் எல்லோருக்கும் தெரியும்படி ரெஹானா வைத்திருக்கிறாள். ஊதாவிலும் மயில் கழுத்திலும் வியாழன்தோறும் மூன்று முதல் ஐந்து வரை ஒரே அளவில் ஒரு கட்டம். உள்ளே ஒன்றும் எழுதவில்லை. மாத இறுதி வரைக்கும் போட்டிருக்கிறார்கள்.

மார்ச் 11, செவ்வாய்

ஜெசிந்தாவிடம் வியாழக்கிழமை சினிமாவுக்குப் போகலாமா என்று வேண்டுமென்றே கேட்டேன். "வியாழன் வேணாமே" என்றாள், யோசிக்காமல்.

மார்ச் 13, வியாழன்

மூன்றடித்ததும் இருவரும் எழுந்தார்கள். நான் குனிந்து தட்டச்சு செய்வதுபோல் இருந்தேன். படியேறும் சத்தம். கீழே வாசல் பக்கம் இல்லை. மேலே மொட்டை மாடிக்கு.

போன வருடக் கையேடு ஒன்று வேண்டும் என்ற காரணத்தோடு நானும் ஏறினேன். கட்டுகள் வைக்கிற அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. ஜெசிந்தாவின் குரல்: "அவளுக்கு மட்டும் தெரிஞ்சுது, என்னைக் கொன்னே போட்டுருவா." ரெஹானா சிரித்தாள். சத்தம் வராமல் இருக்க வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. நானும் ஜெசிந்தாவும் அப்படித்தான் சிரிப்போம், சார் பக்கத்து அறையில் இருக்கும்போது.

கையேட்டை எடுக்காமலே இறங்கிவிட்டேன். 'அவள்' என்பது நான் இல்லாமல் வேறு யார்? என்னைப் பற்றிப் பேசுவதற்காக ஒரு மணி நேரமா, இரண்டு மணி நேரம் ஒதுக்கி, காலண்டரிலும் குறித்து வைத்திருக்கிறார்கள்.

மார்ச் 14, வெள்ளி

மறுபடியும் பச்சைகள். கோபத்தில் நான் நன்றாக வேலை செய்கிறேன் போலிருக்கிறது.

நெஃப்ரான் படத்தில் குறிப்புகளையெல்லாம் வலது ஓரத்தில் ஒரே நேர்கோட்டில் அடுக்கியிருக்கிறேன். நான் எப்போதும் உறுப்புக்குப் பக்கத்திலேயே போடுவேன். வலது ஓரத்தில் அடுக்குவது ஜெசிந்தாவின் பழக்கம். கணக்கு வடிவங்களில் அப்படித்தான் செய்வாள். பல வருடம் பக்கத்தில் உட்கார்ந்ததில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒட்டிக்கொண்டவள் நான்தான், அவளுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

மாலதி ஒரு படம் அனுப்பியிருந்தாள். அவள் வீட்டு பால்கனியில் அம்மா, வெயிலில் உட்கார்ந்து பட்டாணி உரிக்கிறாள். சிரிக்கிறாள். என் வீட்டில் அம்மா எப்போதாவது பட்டாணி உரித்தாளா? கடைசி மூன்று மாதம் தங்கை வீட்டில்தான் இருப்பேன் என்றது அம்மாவின் முடிவு. "உனக்கு வேலை இருக்கும்" என்றாள். எனக்கு வேலை இருந்ததுதான்.

பதில் போடவில்லை. 'மாலதியைக் கூப்பிட' கார்டின் தேதியை அடுத்த ஞாயிறுக்கு மாற்றினேன்.

மார்ச் 20, வியாழன்

சாரிடம் சொல்லிவிட்டேன்.

கோள் சொல்வதுபோல் இருக்கக் கூடாது என்று வாக்கியத்தை மூன்று தடவை மனசுக்குள் திருத்தினேன். "நான் சொல்றேன்னு நெனச்சுக்காதீங்க சார். மத்தவங்க கேக்குறாங்க. வியாழக்கிழமையானா ரெண்டு மணி நேரம் ரெண்டு பேரும் சீட்ல இருக்கறதில்ல." மற்றவர்கள் யாரும் கேட்கவில்லை. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெஹானாவா?" என்றார், நம்பாமல். அந்த நம்பாமைதான் எனக்கு இன்னும் உறைத்தது. என்னைப் பற்றி யாராவது சொன்னால் அவர் இப்படிக் கண்ணாடி துடைப்பாரா?

மார்ச் 21, வெள்ளி

புரூஃபில் கையெழுத்து வாங்க நான் உள்ளே நின்றுகொண்டிருக்கும்போதே இருவரையும் கூப்பிட்டுவிட்டார். வெளியே போக நேரம் கொடுக்கவில்லை. நான் போகவும் முயலவில்லை.

"வியாழக்கிழமை எங்க போறீங்க?"

ஜெசிந்தா வாயைத் திறந்தாள். அதற்குள் ரெஹானா, "டீ குடிக்கப் போறோம் சார்" என்றாள்.

"ரெண்டு மணி நேரமா?"

"பேசிக்கிட்டே இருந்ததுல நேரம் போனது தெரியல சார். நான்தான் ஜெசிந்தா அக்காவ இழுத்துட்டுப் போனேன். சாரி சார்."

சாருக்கு நிஜமாகவே வருத்தம். "எல்லார் நேரத்தையும் கணக்குப் பாக்குற ஆளு நீங்க. நீங்களே இப்படிப் பண்ணலாமா? ஏப்ரல்ல உங்கள நிரந்தரம் பண்றதா இருந்தேன். அத ஒரு மூணு மாசம் தள்ளி வெப்போம்."

"சரி சார்."

என்னைத் தாண்டித்தான் வெளியே போனாள். என்னைப் பார்த்துத் தலையாட்டினாள், எப்போதும்போல. ஜெசிந்தா பார்க்கவே இல்லை.

ஜெயித்தவள் எப்படி இருப்பாளோ அப்படி இருக்க நாள் முழுக்க முயன்றேன். ஒரு கார்டுகூட நகரவில்லை.

மார்ச் 22, சனி

உறையூரில் எங்கள் தெருமுனைப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி கொடுப்பார்கள். சாயங்காலம் பாஸ்கர் தூக்குவாளியில் வாங்கி வந்தார். "சூடா இருக்கு, குடி" என்று டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே வைத்துவிட்டேன்.

நோன்பு இருக்கிறவள் பட்டப்பகல் மூன்று மணிக்கு எப்படி டீ குடிப்பாள்?

தண்ணீர்கூடக் குடிக்காத பெண். சாருக்கு அது தோன்றவில்லை. எனக்கே ஒரு நாள் கழித்துத்தான் தோன்றியது. நான் அவள் முகத்தில் பயம் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் சொன்னதைக் கேட்கவில்லை.

பொய் என்றால், எதை மறைக்க? "கஞ்சி ஆறுது" என்றார் பாஸ்கர். போனை எடுத்து நெஃப்ரான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது ஓரம், நேர்கோடு, ஒரு மில்லிமீட்டர் பிசகில்லை. எனக்கு அப்படி அடுக்க வரவே வராது.

மார்ச் 24, திங்கள்

நான் கேட்பதற்கு முன்னால் ஜெசிந்தாவே படிக்கட்டில் நிறுத்தினாள்.

"திருப்தியாடி?"

"படமெல்லாம் நீ போட்டதா?"

"படம் நான். இரு மதிப்பெண்ணு, விடைக்குறிப்பு அவ. நீதான் அழகா துண்டு துண்டா வெட்டி வெச்சிருந்தியே, வாரத்துக்கு அஞ்சாறு எடுக்க சுலபமா இருந்துச்சு. உன் மஞ்சள்லயே முடிச்சு வெச்சோம். நீ கண்டுபிடிச்சு மூஞ்சத் தூக்குவேன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். மேடம் பச்சையப் பாத்துட்டு பூரிச்சுப் போய் திரிஞ்சீங்க!"

"என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா? ஜனவரியில அம்மா போனப்ப, இன்னும் நாலு நாள் லீவு போடு, வேலைய நான் பாக்குறேன்னு சொன்னதுக்கு, என் வேல எனக்குப் பாக்கத் தெரியும்னு கத்துன. எல்லார் முன்னாலயும். மறந்துட்டியா?"

மறக்கவில்லை.

"ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. அறிவியல அன்னைக்கே அவகிட்ட தூக்கிக் குடுக்கறதா இருந்தாரு சார். வேணாம் சார், அக்காவோட புக்கு அது, ஒரு மாசம் டைம் குடுங்கன்னு கெஞ்சுனது அவ. அந்த மார்ச் இருபத்தெட்டே அவ வாங்கிக் குடுத்த தேதிதான்." இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பினாள். "என்னை மட்டும் போட்டுக் குடுத்திருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன்டி."

மார்ச் 25, செவ்வாய்

இப்போதும் எனக்கு வருவது நன்றி இல்லை. அதைத் தேடித் தேடிப் பார்க்கிறேன். எனக்குத் தேதி வாங்கிக் கொடுத்தவள், என் வேலையைச் செய்தவள், என் தோழிக்கு நான் செய்திருக்க வேண்டியதுபோல ஓடிவந்து பழியை ஏற்றவள். நல்லவளாக இருப்பதிலும் என்னை முந்திவிட்டாள். மாலதியும் இப்படித்தான்.

மதியம் அவள் மேஜைக்குப் போனேன். "ஏன் டீன்னு சொன்ன?"

விசைப்பலகையில் இருந்து கையை எடுத்தாள். "சட்டுனு வேற ஒண்ணும் வாயில வரலக்கா. சொன்னப்புறம்தான் நெனச்சேன், சார் இப்ப சிரிக்கப்போறாருன்னு." பிறகு மெதுவாக, "நோன்பு வாயோட பொய் சொன்னதுதான் நாலு நாளா உறுத்திக்கிட்டு இருக்கு. பசிய விட அது கஷ்டமா இருக்குக்கா" என்றாள்.

வேலை நிரந்தரமாவது தள்ளிப்போனது பற்றி ஒரு வார்த்தை இல்லை. யார் சொல்லிக் கொடுத்தது என்றும் கேட்கவில்லை. தெரிந்திருக்கிறது.

மார்ச் 26, புதன்

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உட்காரச் சொன்னார், நின்றுகொண்டே சொன்னேன். முடித்ததும், "நோன்பு நேரத்துல டீ! எனக்கும் அது தோணலையே மேடம்" என்றார். ரெஹானாவை ஏப்ரலிலேயே நிரந்தரமாக்கிவிடுவதாகச் சொன்னார். "ஆனா இருபத்தெட்டு இருபத்தெட்டுதான்."

"தெரியும் சார்."

வெளியே வந்து, அவர்கள் முடித்த கார்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து என் மஞ்சளை எடுத்துவிட்டு அவரவர் நிறத்தைப் போட்டேன். டிவியில் என் முடிந்த கட்டம் மெலிந்துகொண்டே வந்தது. ஹாலில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஜெசிந்தாவும்.

மார்ச் 27, வியாழன்

மூன்று மணிக்கு யாரும் எழுந்து போகவில்லை. காலண்டரில் கட்டம் அப்படியே இருந்தது. நான் விடைக்குறிப்புகளைப் பார்த்தேன். முதல் முறையாக ஒரு பாடத்தை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை கவனமாகப் படிக்க முடிந்தது. இத்தனை நாளாக அது முடியாமல்தான் இருந்தேன் என்பதை எழுதிவிடுகிறேன். இரண்டாம் வரிக்குப் போவதற்குள் முதல் வரி மறந்துவிடும். யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 28, வெள்ளி

சாயங்காலம் போர்டில் என் பெயரில் இரண்டு சிவப்பு மிச்சம்.

சார் வெகுநேரம் டிவி முன்னால் நின்றார். பிறகு, "இந்த வருஷம் ரெண்டு பேர் பேரும் போடுவோம்" என்றார். மேலே மங்கையர்க்கரசி, கீழே ரெஹானா. கீழேதான் என்றாலும் அதே பக்கம், அதே எழுத்தளவு. எனக்கு வலித்தது. நியாயம் என்று தெரிந்தும் வலித்தது. ரெஹானா, "அக்கா பேரு போதும் சார்" என்றாள்.

"போடுங்க சார்" என்றேன், அவள் இன்னொரு தடவை நல்லவளாவதற்குள்.

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், என்னைப் பார்த்து.

மார்ச் 30, ஞாயிறு

மாலதியைக் கூப்பிட்டேன். எடுத்தாள். அவள் வீட்டுக் குக்கர் விசில் மட்டும் கேட்டது. "சாப்ட்டியாக்கா?" என்றாள். இன்னும் இல்லை என்றேன். அதற்குமேல் இருவராலும் முடியவில்லை.

கார்டை முடிந்த கட்டத்துக்கு நகர்த்தவில்லை. 'கையில்' என்பதில் வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 2, புதன்

பெருநாள் முடிந்து ரெஹானா வந்தாள், கையில் மருதாணியோடு. எல்லோருக்கும் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்த வட்டிலப்பம் கொண்டுவந்திருந்தாள். நன்றாக இருந்தது என்று ஜெசிந்தா நான்கு தடவை சொன்னாள். இரண்டு போதும்.

மதியம் காலண்டரைத் திறந்து நாளை மூன்று முதல் ஐந்து வரை கட்டம் போட்டேன், மஞ்சளில். தலைப்பு: 'டீ, மொட்டை மாடி. பாக்கி இரண்டு சிவப்பு.' இருவருக்கும் அழைப்பு அனுப்பிவிட்டு, திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெசிந்தா எனக்கு எதிரே இரண்டு அடியில் உட்கார்ந்திருந்தாள். சம்மதம் சொல்லி ஊதாதான் முதலில் வரும் என்று நிச்சயமாக இருந்தேன்.

மயில் கழுத்துதான் வந்தது. இதிலும் அவள்தான் முதல்.